அஸ்தம்பட்டி மாடில ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், ஒரு சாஃப்ட்வேர்க்காரியோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இன்ஸ்டிடியூட் பேரு போடல. சார்கிட்ட கேட்டேன், "இருக்கறதே 14 மெஷின், அதுல ரெண்டு படுத்துருச்சு, நீ பாட்டுக்கு எழுதி கூட்டம் சேத்தீன்னா நான் எங்க கண்ணு உக்கார வைக்கிறது"ன்னுட்டாரு. சேலம் அஸ்தம்பட்டி பக்கம், மாடி, கீழ ஒரு ஜெராக்ஸ் கடை, படி ஏறும்போதே டக டகன்னு ஆலங்கட்டி மழை தகரத்துல விழற மாதிரி சத்தம் கேக்கும். வேணுங்கறவங்க கண்டுபிடிச்சுருவீங்க.

நான் அங்க போனது எனக்காக இல்லங்க. எங்க அக்கா பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு மே மாசம் பூரா ஃபோன நோண்டிக்கிட்டு படுத்திருந்தா, அக்கா என்னைப் புடிச்சு "நீ வீட்லதான இருக்க, இவள டைப்பிங்ல சேத்து விடு, குரூப் ஃபோர்க்காவது ஆகும்"னா. வீட்ல இருக்கறதுன்னா வேலை இல்லாம இருக்கறதுன்னு எங்க வீட்ல இன்னும் நெனப்பு, 2020ல பெங்களூர விட்டு சேலத்துக்கு லேப்டாப்போட வந்ததுல இருந்து இதே பாட்டுதான், சரி விடுங்க. ஸ்கூட்டில கூட்டிட்டுப் போனேன். சாருக்கு வயசு 70க்கு மேல இருக்கும், வெள்ள சட்டை, பாக்கெட்ல மூணு பேனா. ஃபார்ம் எழுதிக்கிட்டே நீ என்ன கண்ணு பண்றன்னாரு, சாஃப்ட்வேர் சார், 13 வருஷமாச்சுன்னேன். அப்ப டைப்பிங் அத்துப்படியா இருக்குமே, ஒரு வரி அடின்னு காலியா இருந்த மெஷினக் காட்டினாரு. நான் என் நாலு விரல்ல அடிச்சேன். அதுவரைக்கும் நான் வேகமா டைப் பண்றவன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு, ஆபீஸ் வேலைக்குன்னு மெக்கானிக்கல் கீபோர்டு வேற 9000 ரூவா குடுத்து வாங்கி வச்சிருக்கேன். சார் கொஞ்ச நேரம் பாத்துட்டு "கோழி தவுடு கொத்தற மாதிரி கொத்தறியே, 13 வருஷமா இதுக்கா சம்பளம் குடுத்தாங்க"ன்னாரு. அந்த பேட்ச்ல இருந்த பொண்ணுங்க அத்தனையும் சிரிச்சுருச்சு. எங்க அக்கா பொண்ணுதான் ரொம்ப சத்தமா சிரிச்சா. அன்னிக்கே ரெண்டு ஃபார்மா வாங்கிட்டேன், அவளுக்கு இங்கிலீஷ், எனக்குத் தமிழ் இளநிலை.

ஃபீஸ் மாசம் 700, அட்மிஷன் 200, பேப்பர் நாமதான் வாங்கிட்டுப் போகணும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். நான் சாயந்திரம் 6 டு 7. ஏசியெல்லாம் கெடையாது, மூணு ஃபேன், அதுல ஒண்ணு பேப்பரத் தூக்கிட்டுப் போற அளவுக்கு ஓடும், மத்த ரெண்டும் ஓடுதான்னு உத்துப் பாக்கணும். ஜன்னல் பக்கம் எடம் கெடைச்சா சேர்வராயன் மலை தெரியும், இருட்டுனதும் ஏற்காடு ரோட்டுல வண்டி வெளிச்சம் வளைஞ்சு வளைஞ்சு ஏறும். அந்த 20 கொண்டை ஊசி வளைவும் இங்க இருந்து தெரியாது, அங்கங்க துண்டு துண்டா நாலஞ்சு வெளிச்சம் தெரியும், அவ்ளோதான், ஆனா பாக்க நல்லா இருக்கும்.

மெஷின் எல்லாமே பழசு. கீய மெதுவா தொட்டா வேலைக்கு ஆகாது, ஒரே மாதிரி ஒரே வலுவுல அடிக்கணும், இல்லாட்டி ஒரு எழுத்து கருப்பா ஒரு எழுத்து வெளிறிப்போய் வரும், சுண்டு விரல் மொத வாரம் ராத்திரில விண்ணு விண்ணுன்னு வலிக்கும். மொதப் பாடம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இடது கை ய ள ன க, வலது கை பக்கம் த ம ட. இதையே பக்கம் பக்கமா. எனக்கு ரெண்டாவது நாளே போரடிச்சுருச்சு, அடுத்த பாடம் போலாமான்னு கேட்டேன், சார் என் பேப்பர வெளக்குக்கு நேரா தூக்கிப் புடிச்சு, "பாரு, ன எல்லாம் ஓட்டை போட்டிருக்க, ள எல்லாம் பட்டினி கெடக்கு"ன்னாரு. திரும்ப அதே பாடம். பத்து நாள்.

இதுல சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு ஒரு தனி ருசி இருக்கு, அத சொல்லாம விட முடியல. நாம தெனமும் பொழங்கற வார்த்தைக்கெல்லாம் ஒடம்பு இங்கதான் இருக்கு. ஷிஃப்ட் அடிச்சா நெசமாவே உள்ள இருக்கற எழுத்துக் கூடை நகருது. டேப்ங்கறது கட்டம் கட்டமா கணக்கு அடிக்கறதுக்கு அங்கங்க வைக்கிற முட்டு. வரி முடியப் போகுதுன்னா மணி அடிக்கும், கட்டளை அடிக்கற டெர்மினல் திரைல வர்ற பெல், எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுத்த ஆஸ்கி பட்டியல்ல 7-ம் நம்பர், அது இந்த மணியோட பேரப்புள்ளதான். அப்பறம் அந்தப் பக்கத்துக் கைப்பிடிய ஒரு தள்ளு தள்ளுனா பேப்பர் ஒரு வரி மேல ஏறும், வண்டி மொதலுக்குத் திரும்பும். ஒரு தள்ளுல ரெண்டு வேலை. கம்பி வழியா தூரத்துல டைப் அடிக்கற டெலிடைப் மெஷின்காரங்க அத ரெண்டு கட்டளையா பிரிச்சாங்க, ஆஸ்கி அதுக்கு 13, 10ன்னு நம்பர் குடுத்துச்சு, விண்டோஸ் ரெண்டையும் வச்சுக்கிச்சு, யூனிக்ஸ் 10 மட்டும் போதும்னுருச்சு, அதனாலதான் கோட்ல என்னென்ன மாறுச்சுன்னு பதிஞ்சு வைக்கிற நம்ம கிட் (Git) இன்னிக்கும் இந்த 13, 10 சமாச்சாரத்துக்கு சிஆர் எல்எஃப்னு எச்சரிக்கை போட்டு உயிர வாங்குது. நான் இத 13 வருஷமா செட்டிங்க்ஸ மாத்தி மாத்தி தப்பிச்சுட்டு இருந்தேன், கைப்பிடியத் தள்ளுன அன்னிக்குத்தான் ஓ இதுவான்னு இருந்துச்சு.

ஆனா பெரிய விசயம் பேக்ஸ்பேஸ். மெஷின்ல அது இருக்கு. அமுக்குனா வண்டி ஒரு எழுத்து பின்னாடி போகும், அவ்ளோதான் அதோட வேலை. அடிச்சது அடிச்சதுதான். தப்பு அப்படியே கண்ணு முன்னாடி நிக்கும், அதத் தாண்டி நீங்க மேல போகணும். என்னை மாதிரி ஆளுக்கு இது என்னா கஷ்டம்னா, நான் 12 வரைக்கும் தமிழ் மீடியம், பெங்களூர் போன புதுசுல மூணு வருஷம் மீட்டிங்ல வாயே தொறக்கல, மெயில் எழுதணும்னா இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதறது, அழிக்கறது, திரும்ப எழுதறது, அழிக்கறது. யோசிக்கறதே அழிக்கற விரல்லதான் நடந்துட்டு இருந்துச்சு. இங்க அது நடக்காது. வரிய மொதல்ல மனசுல முழுசா வச்சுக்கணும், அப்பறம்தான் கை. அதுவும் தமிழ்ல. எங்கிட்ட தமிழ்ல முழுசா ஒரு வரி இருக்குங்கறதே எனக்கு மறந்து போயிருந்துச்சு, வாட்ஸாப்ல ok da, varen, saptiya-ன்னு இங்கிலீஷ் எழுத்துலயே தமிழ அடிச்சு பழகி, அட இங்க பாருங்க இப்பவும் அப்படியே வந்துருச்சு கை, ஓகேடா, வரேன், சாப்டியா, இவ்ளோதான் என் தமிழ் எழுத்து.

மூணாவது மாசம், பாடம் சீக்கிரம் முடிஞ்சா மிச்ச நேரத்துக்கு ஆபீஸ் வேலைய தமிழ்ல அடிக்க ஆரம்பிச்சேன். அடுத்த நாள் டீம்ல ஒரு டிசைன் காட்டணும், அத முன்னாடியே தமிழ்ல அடிச்சுப் பாத்துக்கறது. ஒரு நாள் சார் பின்னாடி வந்து நின்னு படிச்சுருக்காரு, எனக்குத் தெரியல. "இது யாரு காசு கண்ணு"ன்னாரு. என்ன சார்னேன். "கேஷ் பழசாயிட்டா தூக்கிப் போடணும்னு அடிச்சிருக்கியே." எனக்கு சிரிப்பு அடக்க முடியல. சார் அது பணம் இல்ல சார், அடிக்கடி வேணுங்கற தகவல ஒவ்வொரு தடவையும் தூரத்துல போய் எடுக்காம கைக்கிட்ட ஒரு காப்பி வச்சுக்கறது, அதுக்கும் கேஷ்னுதான் பேருன்னேன். கொஞ்சம் யோசிச்சாரு. "அஞ்சறைப்பெட்டி"ன்னாரு. ஆமாம் சார்னேன். மூட்டை உள்ளறைல இருக்கு, அடுப்புக்கிட்ட அஞ்சறைப்பெட்டி, வேற ஒண்ணும் இல்ல. அதோட விட்டாரான்னா இல்ல. "சரி, உள்ள புது மொளகாத்தூள் வந்துருச்சுன்னு பெட்டிக்கு யாரு சொல்றது? எங்க வீட்டுல அம்மா பழச வழிச்சு எடுத்துட்டுத்தான் புதுசு கொட்டுவா, மருமக மேலாப்புலயே கொட்டுவா, அடில பழசு அப்படியே கெடக்கும். நீ அடிச்சதுல வழிக்கறது யாருன்னு காணமே?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. ஏன்னா நெசமாவே காணோம். விலைப் பட்டியல் மாறுனா அந்தக் காப்பிய அழிக்கறது எந்த சர்வீஸோட, அதாவது எந்த புரோகிராமோட பொறுப்புன்னு நான் எழுதவே இல்ல. இங்கிலீஷ் டாக்ல "கேஷ் வில் பி இன்வாலிடேட்டட்"னு செயப்பாட்டு வினைல போட்டு நகந்துட்டேன், அது படிக்க அழகா இருக்கும், யாருன்னு கேக்கத் தோணாது. அத நாலு பேரு ரிவ்யூ பண்ணி ஓகே வேற சொல்லிட்டாங்க. தமிழ்லயும் "தூக்கிப் போடணும்"னு ஆள் இல்லாமதான் அடிச்சிருந்தேன், ஆனா தமிழ்ல படிக்கறப்ப சாருக்கு அது ஒடனே ஒறுத்துச்சு, வீட்ல "பாத்திரம் கழுவணும்"னு யாராவது சொன்னா, யாருன்னு கேக்க மாட்டோமா, அது மாதிரி. அன்னிக்கு ராத்திரி ஒக்காந்து மாத்தினேன். விலை மாத்தற சர்வீஸே ஒரு செய்தி போடணும், அத வாங்கி காப்பி வச்சிருக்கறவன் அழிக்கணும், செய்தி தவறிப் போனாலும் பத்து நிமிஷத்துல தானா காலாவதி ஆகணும்னு. 700 ரூவா ஃபீஸுல ஒரு டிசைன் ரிவ்யூ, வேற எங்க கெடைக்கும்.

இன்னொண்ணு, இது ஆபீஸ் வேலை இல்ல. எங்க சித்தப்பாவுக்கு செவ்வாப்பேட்டைல கொலுசு பட்டறை. எந்த ஆளுகிட்ட எத்தன கிராம் வெள்ளி போயிருக்கு, என்ன டச்சு (வெள்ளியோட சுத்தம்), சேதாரம் எவ்ளோ, கூலி பாக்கி எவ்ளோன்னு நான் ஒரு சின்ன சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்திருந்தேன். பழைய கணக்கெல்லாம் அவரு ரொம்ப வருஷமா வேற ஒரு பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சு வச்சிருந்தாரு, அத கன்வெர்ட்டர் போட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் பொதுவா ஒரு நம்பர் வச்சிருக்கற யூனிகோடுக்கு மாத்தி ஏத்தினேன். ஏத்துனதுல இருந்து ஒரு வியாதி. "சலங்கை"ன்னு தேடுனா எல்லாம் வருது, "கொலுசு"ன்னு தேடுனா புதுசா அடிச்சது மட்டும் வருது, பழசு ஒண்ணுகூட வரல. கொலுசு பட்டறை சாஃப்ட்வேர்ல கொலுசு வரல. சித்தப்பா பாக்கற எடத்துலெல்லாம் "என்னம்மா, கொலுசு கெடைச்சுதா"ம்பாரு, வீட்ல விசேஷத்துல கூட. ஸ்கிரீன்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா அச்சு அசல் ஒண்ணுதான்.

இன்ஸ்டிடியூட்ல கொ பாடம் வந்தப்பதான் பல்பு எரிஞ்சுச்சு. மெஷின்ல கொ அடிக்கறது எப்படின்னா, மொதல்ல கொம்பு, அப்பறம் க, அப்பறம் கால். கண்ணுக்கு எடது பக்கத்துல இருந்து எப்படித் தெரியுதோ அந்த வரிசை. மெய்யெழுத்துன்னா புள்ளி மொதல்ல, புள்ளி அடிச்சா வண்டி நகராது, அதுக்கு மேலயே எழுத்த அடிக்கணும், நகரா விசைன்னு சொல்வாங்க. லு, சு ரெண்டும் ஒரே அடி, ஷிஃப்ட்ல இருக்கு. ஆக கொலுசு அஞ்சு அடி. சித்தப்பாவோட பழைய ஃபான்ட்டும் இந்த மெஷின் பழக்கத்துலதான் செஞ்சது. யூனிகோட் அப்படி இல்ல, நாம சொல்ற வரிசை, க மொதல்ல, அதுக்கப்பறம்தான் ஒகரக் குறி, அந்தக் குறிக்குன்னு தனியா ஒரே ஒரு நம்பர் இருக்கு. என் கன்வெர்ட்டர் கொம்ப புடிச்சு க-வுக்குப் பின்னாடி சரியா நகத்திருச்சு, ஆனா கொம்பையும் காலையும் சேத்து ஒரே குறியா ஆக்காம தனித்தனியாவே விட்டுருச்சு. திரையில வரையும்போது ஒண்ணா சேந்து வந்துரும், அதனால கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து எத்தன குறி இருக்குன்னு எண்ற லெங்த் போட்டுப் பாத்தேன், புது கொலுசு 6, பழைய கொலுசு 7. ஒரே வரி, என்எஃப்சின்னு, பிரிஞ்ச குறிய ஒண்ணாக்கி நார்மலைஸ் பண்ற ஃபங்ஷன், அதப் போட்டு பழசு முழுக்க ஒரு ஓட்டு ஓட்டுனேன், கொலுசு எல்லாம் வந்துருச்சு. சலங்கைல கொம்பு-கால் ஜோடியே இல்லல்ல, அதான் அது மட்டும் ஒழுங்கா வந்துட்டு இருந்திருக்கு. இந்த ஃபங்ஷன் பத்தி எனக்கு முன்னாடியே தெரியும்ங்க, படிச்சிருக்கேன், தெரிஞ்சும் அங்க மூளை போகல. விரல் மூணு அடி அடிச்சப்பறம்தான் போச்சு.

அதே சாஃப்ட்வேர்ல இன்னொரு கூத்து. வேலை செய்யற ஆளுங்களுக்கு எஸ்எம்எஸ் போகும். இங்கிலீஷ்னா ஒரு எஸ்எம்எஸ்ல 160 எழுத்து, தமிழ் போட்டா 70தான், அதுலயும் புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொண்ணுக்கும் தனிக் கணக்கு. 70 தாண்டிட்டா துண்டு துண்டா உடையும், துண்டுக்கு 67. நான் மொதல்ல எழுதுனது இது: "தங்களிடமிருந்து 250 கிராம் வெள்ளி பெறப்பட்டது. தங்கள் கூலி ரூபாய் 1800 கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளது. மீதம் சனிக்கிழமை வழங்கப்படும்." 133 ஆகுது, ரெண்டு எஸ்எம்எஸ் காசு, சித்தப்பா தமிழ்னா செலவு ஜாஸ்தி போல, இங்கிலீஷ்லயே அனுப்பிருன்னாரு. இங்கிலீஷ்ல அனுப்புனா பட்டறைல பாதிப் பேரு அத பக்கத்து ஆளுகிட்ட காட்டித்தான் படிக்கணும். மெஷின்ல ஒவ்வொரு அடிக்கும் விரல் வலிக்கிற ஆளு இப்ப எழுதுனது: "வெள்ளி 250 கிராம் வரவு. கூலி 1800. மீதி சனிக்கிழமை." 51. ஒரு எஸ்எம்எஸ்தான், எடம் மிச்சம் வேற. பழையது தமிழே இல்ல, பேங்க் லெட்டர தமிழ் எழுத்துல எழுதுனது. பட்டறைல யாரு "பெறப்பட்டது"ன்னு பேசறாங்க.

சரி, ரிவ்யூக்கு வர்றேன். யாருக்கு இது, யாருக்கு வேணாம்.

கம்ப்யூட்டர்ல, ஃபோன்ல தமிழ் வேகமா அடிக்கணும், அவ்ளோதான் தேவைன்னா இங்க வராதீங்க, இது சார்கிட்டயே சொல்லிட்டேன், அவரும் ஒத்துக்கிட்டாரு. அதுக்கு தமிழ்99 போதும். 1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்பறம் அரசாங்கம் ஏத்துக்கிட்ட விசைப்பலகை, உயிர் எல்லாம் இடது கைல, மெய் எல்லாம் பெரும்பாலும் வலது கைல, அதனால ரெண்டு கையும் மாத்தி மாத்தி வேலை செய்யும். க ரெண்டு தடவை அடிச்சா மொத க-வுக்கு அதுவே புள்ளி வச்சுக்கும், ந அடிச்சு த அடிச்சா ந்த ஆகிரும். நமக்கு எங்க புள்ளி வரும்னு அதுக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் கெடைக்குது. லினக்ஸ்காரங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை, ஐபஸ்ல எம்17என் வழியா வர்றத போடுங்க, வெறும் எக்ஸ்கேபி லேஅவுட்டுக்கு முன்னாடி என்ன எழுத்து அடிச்சோம்னு பாக்கற புத்தி கெடையாது, தானா புள்ளி வைக்காது. நான் கம்ப்யூட்டர்ல இப்ப தமிழ்99தான், இந்த ரிவ்யூவும் அதுலதான். ரெண்டையும் ஒரே நேரத்துல கத்துக்காதீங்க, ஒரு வாரம் நான் மெஷின்ல க-வுக்கு தமிழ்99 எடத்துல கை வச்சு ஒரு பக்கம் பூரா பாழ் பண்ணேன்.

அரசு வேலைக்குன்னா கண்ண மூடிட்டு சேருங்க. டைப்பிஸ்ட் வேலைக்கு தமிழ், இங்கிலீஷ் ரெண்டு சர்டிஃபிகேட்டும் பாப்பாங்க, கூட ஆபீஸ் ஆட்டோமேஷன் கம்ப்யூட்டர் கோர்ஸும் வேணும். பரீட்சை தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தறது, வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரி, ஆகஸ்ட். இளநிலைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, அஞ்சு அடி ஒரு வார்த்தைன்னு கணக்கு, 10 நிமிஷத்துக்கு 1500 அடி. கேக்க கம்மியா இருக்கும், என் நாலு விரல் காலத்துல நான் இதுல பாதி கூட வந்திருக்க மாட்டேன்.

சாரப் பத்தி. திட்டுவாரு, ஆனா எல்லாரையும் ஒரே மாதிரி திட்டுவாரு. லை, ணை எல்லாம் தும்பிக்கை வச்சு எழுதற காலத்துல கத்துக்கிட்டவரு, 1978ல அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தப்ப கைய திரும்பப் பழக்குனேன், நீ என்னமோ லேஅவுட் மாறுனதுக்கு அழுவறியேன்னாரு. நாங்க வருஷத்துக்கு ஒரு ஃப்ரேம்வொர்க் மாத்தறோம் சார்னு சொல்லலாம்னு வந்துச்சு, சொல்லல. கண்ணு பேப்பர்ல, கண்ணு பேப்பர்லன்னு ஸ்கேலால மேசையத் தட்டிட்டே இருப்பாரு. நீங்க என்ன அடிச்சாலும் நின்னு முழுசா படிப்பாரு, இத நான் வேலை பாத்த எந்த எடத்துலயும் பாக்கல, எங்க ஆளுங்க ரெண்டாவது நிமிஷம் எல்ஜிடிஎம்னு, அதாவது பாத்தாச்சு நல்லாருக்குன்னு போட்டுட்டுப் போயிருவாங்க.

கொறைன்னா, டாய்லெட். அதப் பத்தி எழுத வேணாம்னு பாத்தேன், ஆனா பொண்ணுங்கதான் முக்கால்வாசி வர்றாங்க, கீழ ஜெராக்ஸ் கடைல சாவி வாங்கிட்டுப் போகணும், கடை சாத்திட்டா கெடையாது. சார்கிட்ட மூணு தடவை சொல்லியாச்சு, பில்டிங் ஓனர் ஓனர்ங்கறாரு. பார்க்கிங் கெடையாது, ஸ்கூட்டிய ரோட்ல விட்டா அஸ்தம்பட்டி டிராஃபிக்ல திரும்ப எடுக்கறது ஒரு தனி பரீட்சை. ரிப்பன் சிக்கனமா மாத்துவாரு, மாசக் கடைசில அடிக்கறது எல்லாம் பேய் எழுத்து மாதிரி இருக்கும். ஃபீஸுக்கு ரசீது கேட்டாத்தான் வரும், கேளுங்க. வெரல்ல மை ஆகும், நகம் வச்சிருந்தா வெட்டிருங்க. படி செங்குத்து, முட்டி வலி இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க.

கிளாஸ் முடிஞ்சு எறங்குனதும் எதிர்ல ஒரு வண்டில தட்டுவடை செட் போடறாங்க, ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட் கேரட் துருவல், ரெண்டு சட்னி, பல்லுல கடிக்கறப்ப வர்ற சத்தம் மெஷின் சத்தம் மாதிரியே இருக்கும். இது ஃபீஸ்ல சேராது, ஆனா கணக்குல வச்சுக்கணும், மாசம் எப்படியும் 300 ஆகுது.

ஆபீஸ்ல என்ன மாறுச்சுன்னு அக்கா கேட்டா. மீட்டிங்ல நான் பேசறது கொறைஞ்சிருக்கு. மேனேஜர் தனியா கூப்ட்டு எல்லாம் ஓகேவான்னு விசாரிச்சாரு, வேலைய விடப் போறேனோன்னு பயந்துட்டாரு போல. முன்னாடி எல்லாம் வாய் தொறக்கலன்னா இங்கிலீஷ் பயம், அப்பறம் பயம் போனதும் சும்மா சும்மா பேசிட்டு இருந்தேன், வாய்லயே எழுதி வாய்லயே அழிக்கறது, ஐ மீன், வாட் ஐ ஆம் ட்ரையிங் டு சே, இந்த மாதிரி. இப்ப வரி முழுசா வர்ற வரைக்கும் வாயத் தொறக்கறது இல்ல. சம்பளம் அதேதான், அதுல ஒண்ணும் மாறல.

அக்கா பொண்ணு ஆகஸ்ட்ல எழுதி ஃபர்ஸ்ட் கிளாஸ். எனக்கு ஸ்பீடு பேப்பர் போச்சு, லெட்டர் பேப்பர்ல மார்ஜின் வைக்கறதுல கோட்டை விட்டு ஃபெயில். வீட்ல இன்னும் சிரிச்சு முடிக்கல. பிப்ரவரிக்கு திரும்ப ஃபீஸ் கட்டியாச்சு.

5க்கு 4. டாய்லெட் சரி பண்ணா 4.5. சாயந்திரம் 6 மணி பேட்ச் சேர்றவங்க 7-ம் நம்பர் மெஷின் கேக்காதீங்க, அதுல ழ கீ அடிச்சா மேல போய் நின்னுக்கும், கையால எறக்கி விடணும். நான் அதுலதான் பழகியிருக்கேன்.